உதறாத பாய்

பாயில் ஈரம் இருந்தது. கணவன் ஃபெரெதி படுத்துவந்த பக்கத்தில் மட்டும், ஓர் ஆள் நீளத்துக்கு. லாங்கி கைவைத்து முகர்ந்தாள். மழை ஈரம் இல்லை. கடல் வற்றும்போது பவளப்பாறையிலிருந்து எழும் கவிச்சி, அதற்குள் புகையிலை வாடை. ஃபெரெதி புகையிலையைத் தொட்டதே இல்லை.

"இங்க படுத்திருந்தவரு அப்பா இல்லம்மா," என்றாள் ஆறு வயது மலியா. "என் பேரு என்னன்னு கேட்டாரு."

அந்தத் தீவில், செத்தவனின் உடலைக் கடல் தராவிட்டால் கரையில் பாய் விரித்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பாயில் ஏறும் பூச்சியையோ நண்டையோ உதறிவிட வேண்டும். இரண்டு முறை உதறியும் அதுவே மூன்றாவதாக ஏறினால் அதுதான் போனவன். துணியில் சுற்றி வீட்டு வாசலில் புதைப்பார்கள். ஒன்பது நாளைக்கு முன் லாங்கி ஒரு முறைகூட உதறவில்லை. "மொதல்ல வந்ததே போதும், மழை வருது," என்றான் கணவனின் அண்ணன் சியாகி. பாதிரியார் விருந்துக்கு மீன் வேண்டும் என்று தம்பியைப் புயலில் அனுப்பியவனும் அவன்தான். அழுது அலுத்திருந்த அவள் கடனே என்று அந்த நண்டைச் சுற்றிக் கொடுத்தாள். இப்போது அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

வாசலில் போன சியாகியை நிறுத்தினாள். "அன்னைக்கு யாரைப் பொதைச்சோம், மாமா?"

"நண்டை. ஏன், எழுந்து வந்து பேசுதா?" சிரித்தான். "ஜெபத்துக்கு உக்காரு, போ."

சங்கு ஊதிவிட்டார்கள். மாலை ஜெபம் முடியும்வரை ஊரில் யாரும் வெளியே நடமாடக் கூடாது. ஃபெரெதி இன்னும் கடலில் கிடக்கிறான், எவனோ என் பிள்ளை பக்கத்தில் படுக்கிறான், அபராதம் போட்டால் போடட்டும் என்று நினைத்தாள். மலியாவை வீட்டைவிட்டு இறங்காதே என்று சொல்லிவிட்டு, வேறொரு பாயோடு கரைக்கு இறங்கினாள்.

சுவரில்லாத வீடுகளிலிருந்து பாட்டு வந்தது. அவள் பாயை விரித்தாள்.

"ஃபெரெதி, வீட்டுக்கு வா."

ஒரு சின்ன நண்டு ஏறியது. உதறினாள். திரும்பி ஏறியது. மறுபடி உதறினாள். தயங்காமல் மூன்றாவது முறையும் ஏறி, நடுவில் போய் நின்றது.

"வந்துட்டியா," என்று அழுதாள். ஒன்பது நாளில் முதல்முறையாக நெஞ்சு லேசானது.

அப்போதுதான் சத்தம் கேட்டது. உலர்ந்த ஓலையை இழுக்கிற மாதிரி. நிமிர்ந்தாள்.

கரை நகர்ந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் நண்டுகள். கடலில் போய், எத்தனையோ காலமாக யாரும் கூப்பிடாதவர்கள். பாயில் ஏறினார்கள். உதறினாள். ஏறினார்கள். எது ஃபெரெதி? எல்லாம் ஒன்றுபோல இருந்தன.

பிறகு பாயை விட்டு இறங்கின. அவளைத் தாண்டின. அவை போன மணலில் ஈரமான தடங்கள். மனிதக் கால்களின் தடங்கள். பத்து. நூறு. ஊர்ப் பக்கமாக.

சங்கு மறுபடி ஊதியது. ஜெபம் முடிந்துவிட்டது. இனி சாப்பாடு. வாசலில் போகிறவர்களை, யாராக இருந்தாலும், உள்ளே கூப்பிடாமல் சாப்பிட உட்காரக் கூடாது. லாங்கிதான் மகளுக்கு அதைப் பழக்கியிருந்தாள்.

ஓடினாள். மணல் காலைப் பிடித்தது. வீட்டிலிருந்து மலியாவின் குரல், பெரிய மனுஷி மாதிரி, மரியாதையாகக் கேட்டது.

"வாங்க, உள்ள வாங்க. எல்லாருக்கும் எடம் இருக்கு."