ஐந்தாவது நாடா

ஒட்டீலி தன் கணவனின் சீருடை மார்பில் தைத்திருந்தவை நான்கு பதக்க நாடாக்கள். அன்று மாலை, தூசு தட்டுவதற்காக அச்சீருடையைச் சன்னலருகே கொண்டுவந்தபோது அங்கே ஐந்து இருந்தன.

முதலில் அவள் வெளிச்சத்தின் மீது பழியைப் போட்டாள். ஜெர்மனியின் ஷ்வேரின் நகரில் நவம்பர் மாதத்து மாலை என்பது பெயரளவில்தான். ஏரியிலிருந்து எழும் மூடுபனி மூன்று மணிக்கே சன்னல்களைச் சாம்பல் நிறத்தால் அடைத்துவிடும். அவள் விளக்கை ஏற்றி மீண்டும் பார்த்தாள். இரும்புச் சிலுவைப் பதக்கத்தின் கறுப்பு வெள்ளை நாடா, அதையடுத்து மெக்லன்பர்க் சிலுவையின் இளநீலம், பிறகு பிரவுன்ஷ்வைக், லிப்பே ஆகிய சிற்றரசுகள் அளித்தவை. இவை அவள் கணவன் ஃபோல்க்மாருக்கு உரியவை. கடைசியில், வெள்ளையும் சிவப்புமாக, ஹாம்பர்க் நகரம் தன் மைந்தர்களுக்கும் தன் படைப்பிரிவினருக்கும் வழங்கிய சிலுவையின் நாடா. ஃபோல்க்மாருக்கும் ஹாம்பர்க்குக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்த நாடா இரட்டை நூலால், முனையில் சாய்ந்த முடிச்சுடன், மிக நேர்த்தியாகத் தைக்கப்பட்டிருந்தது. அது அவளுடைய தையல்.

அவள் அதைத் தைக்கவில்லை.

போரில் காணாமற்போன அதிகாரிகளைத் தேடித்தரும் அலுவலகம் ஒன்றுக்காக ஒட்டீலி வீட்டிலிருந்தே வேலை செய்துவந்தாள். பெயரற்ற புகைப்படங்கள் அவளுடைய மேசைக்கு வந்து, பெயர்களோடு திரும்பிச் செல்லும். அந்நாளைய படத்தகடுகளில் மஞ்சள் கறுப்பாகவும் நீலம் வெண்மையாகவும் பதியும் என்பதால், நாடாக்களைப் படிப்பதற்கே தனிப் பயிற்சி வேண்டும். நாடாக்களின் வரிசை அரசைக் காட்டும். தோள்பட்டைச் சின்னம் படைப்பிரிவைக் காட்டும். அந்தப் பிரிவின் பதிவேட்டில் அதே பதக்கங்களைப் பெற்றவர் பெரும்பாலும் ஒருவராகத்தான் இருப்பார். முகத்தை வைத்து அடையாளம் சொல்பவர்கள் தவறுவார்கள். பெற்ற தாய்மார்களே தவறியிருக்கிறார்கள். ஆகவே ஒட்டீலி முகத்தைப் பொருட்படுத்துவதில்லை.

மூன்று மாதங்களுக்கு முன் இராணுவ மருத்துவமனை ஒன்றிலிருந்து அப்படியொரு படம் வந்தது. தலை முழுவதும் துணி சுற்றிய, பேச்சிழந்த அதிகாரி. மார்பில் நான்கு நாடாக்கள், இரட்டை நூல், சாய்ந்த முடிச்சு. மூன்றாண்டுக் காத்திருப்புக்குப் பின் அவள் அன்று ஒருமுறை வாய்விட்டு அழுதாள். மறுநாளே இரயிலேறிச் சென்று அவனை வீட்டுக்கு அழைத்துவந்தாள். தந்தையின் முகமே நினைவில்லாத ஆறு வயது மகள் கெசீன், துணி சுற்றிய அந்தத் தலையை ஒரே நாளில் ஏற்றுக்கொண்டாள். இப்போதும் மாடியறையில் அவனோடுதான் விளையாடிக்கொண்டிருந்தாள். மரக்கட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்படும் ஓசையும், சரியும் ஓசையும், பிள்ளையின் சிரிப்பும் மேல்தளத்தின் பலகைகளூடே கேட்டுக்கொண்டிருந்தன. அவனிடமிருந்து ஓசை ஏதும் வருவதில்லை. அவன் நடந்தால் பலகைகூட முனகுவதில்லை. அவன் இருந்துவிட்டுப் போன இடத்தில் ஒரு வாடை மட்டும் நிற்கும்: புகைப்படம் கழுவும் மருந்தின் புளித்த வாடை. அது தன் வேலையிலிருந்து வருவதாகவே அவள் எண்ணிவந்தாள். ஆனால் அவள் படங்களைப் பார்ப்பவளே தவிர, கழுவுபவள் அல்லள்.

அவள் மேசைக்குச் சென்றாள். முந்தைய நாள் பெயரிட்டு வைத்திருந்த ஹாம்பர்க் அதிகாரியின் படத்தை எடுத்தாள். தோள்பட்டைச் சின்னம் இருந்தது, பொத்தான்கள் இருந்தன. நாடா இருந்த இடத்தில் வெறும் துணி.

வாசல் மணி அடித்தது.

வந்தவர் மேஜர் ரீக், ஹாம்பர்க்கில் பிறந்தவர், ஃபோல்க்மாரின் பழைய படைப்பிரிவுத் தோழர். போரில் இறந்தவர்களுக்காக அன்று பிற்பகல் நடந்த நினைவுக்கல் திறப்புவிழாவிலிருந்து நேராக வந்திருந்தார். மார்பு நிறையப் பதக்கங்கள், கையில் ஒரு வெண்ணெய்க் கேக்குப் பொட்டலம்.

"அம்மணி, இந்தக் குளிர்ல உங்க ஊர்க்காரங்க பேச்சு இருக்கே, அதுக்கு எதிரியோட குண்டே தேவலை," என்று சிரித்தபடி உள்ளே வந்தார். "நகரத் தலைவர் விடவே இல்ல. என் மீசைல பனியே கட்டிருச்சு, பாருங்க."

அவள் சிக்கரிக் காப்பியை ஊற்றிக் கொடுத்தாள். ரீக் ஒரு வாய் பருகினார். அவருடைய சிரிப்பு மெல்ல இறங்கியது.

"ஒண்ணு கேக்கணும். கல்லுல எல்லார் பேரும் இருக்கு, ஃபோல்க்மார் பேரு மட்டும் இல்ல. விசாரிச்சா, அவன் வீட்டுக்கு வந்துட்டான்னு சொல்றாங்க."

"ஆமா, வந்துட்டாரு. மாடியிலதான் இருக்காரு."

ரீக் கோப்பையை வைத்துவிட்டார்.

"அம்மணி, அவனை நான்தான் புதைச்சேன். இந்தக் கையால."

மேலே கட்டைகள் சரிந்தன. கெசீன் சிரித்தாள்.

"இருக்காது," என்றாள் ஒட்டீலி. "சீருடை அவரோடது. நாடாவை நான்தான் தைச்சேன். என் தையல் எனக்குத் தெரியாதா?"

"சட்டை அவனோடதுதான். நான் இல்லேங்கல. சட்டைக்குள்ள இருக்கிறவனைத்தான் கேக்குறேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "அடிபட்டதும் சட்டையைக் கழட்டி வெளியில மாட்டிட்டு, அவனை உள்ள படுக்க வெச்சோம். விடியறதுக்குள்ள போயிட்டான். திரும்பி வந்து பார்த்தா சட்டையைக் காணோம். எவனோ குளிருக்குத் திருடிட்டான்னு நினைச்சு, என் மேலங்கியைப் போர்த்திப் புதைச்சேன். அன்னைக்கே இங்கிலீஷ்காரன்கிட்ட மாட்டிக்கிட்டேன். தகவல் மேலிடத்துக்குப் போயிருக்கும்னே நம்பிட்டு இருந்தேன்."

"வேற யாரையாவது நினைச்சுப் பேசுறீங்க, மேஜர். போர்ல எத்தனையோ பேரு..."

"அவன் முகத்தைப் பார்த்தீங்களா?"

காயம் ஆறவில்லை என்று மருத்துவர் சொன்னதாகச் சொல்லலாம். அவனே துணியை அவிழ்க்க விடுவதில்லை என்று சொல்லலாம். இரண்டும் உண்மைதான். ஆனால் மூன்று மாதங்களில் அவள் ஒருமுறைகூட வற்புறுத்தவில்லை என்பதும் உண்மை. அவளுக்கு அவன் முகம் வேண்டியிருக்கவில்லை. ஃபோல்க்மார் என்ற பெயர் வீட்டுக்குள் மறுபடி புழங்கினால் அவளுக்குப் போதுமாக இருந்தது. இம்மனிதர் சொல்வதை ஒப்புக்கொண்டால் அவள் மறுபடியும் கைம்பெண்; கெசீன் மறுபடியும் தகப்பனற்றவள்; மாடியில் பிள்ளையோடு இருப்பது...

"குழந்தை மேல இருக்கா," என்றாள். தன் குரலே தனக்கு வேறொருத்தியின் குரலாகக் கேட்டது.

ரீக் எழுந்துவிட்டார். "நான் போறேன். ஏதோ பாவப்பட்ட பைத்தியம்தான், வேற ஒண்ணுமில்ல. நான் பேசுனா புரிஞ்சுக்குவான். நீங்க இங்கயே நில்லுங்க."

"முதல்ல பிள்ளையை அனுப்புங்க. கெஞ்சிக் கேக்குறேன், முதல்ல பிள்ளையை."

"அனுப்புறேன், அம்மணி. இதுக்குப் போய் அழுவாங்களா?"

அவருடைய காலணிகள் படிகளில் கனமாக ஏறின. ஒவ்வொரு பலகையும் முனகியது. கதவு திறந்தது. "என்னப்பா, கோட்டை கட்டுறீங்களா ரெண்டு பேரும்?" என்று அவர் உரக்கக் கேட்டது கீழே தெளிவாகக் கேட்டது. பிறகு கெசீன் முணுமுணுத்தபடி ஒவ்வொரு படியாக இறங்கிவந்தாள்.

"அந்த மாமா என்னைக் கீழ போகச் சொல்லிட்டாரு. கோட்டை பாதிதான் ஆச்சு."

ஒட்டீலி பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். பிள்ளையின் முடியிலும் அதே புளித்த வாடை. வாசற்கதவு நாலெட்டு வைத்தால் தொட்டுவிடும் தூரத்தில் இருந்தது. வெளியேறிவிடலாம். ஆனால் ரீக் மேலே இருக்கிறார். தன் பிழைக்காக மேலேறிச் சென்ற மனிதரை விட்டுவிட்டு ஓடுவதெப்படி?

அவள் காத்திருந்தாள்.

மேலே பேச்சு நின்றிருந்தது. சண்டை ஓசை இல்லை. கூச்சல் இல்லை. துணி உரசும் ஓசை மட்டும், யாரோ நிதானமாக உடை மாற்றுவதைப் போல. நெடுநேரம்.

"மேஜர்?"

கதவு சாத்தும் ஓசை. பிறகு ஒன்றுமில்லை. பலகைகள் முனகவில்லை.

படிகளின் திருப்பத்தில் காலணிகள் தெரிந்தன. மேஜரின் காலணிகள். அவளுக்கு மூச்சு வந்தது. அவளுடைய கண்கள் பழக்கத்தின்படி கீழிருந்து மேலே சென்றன. காற்சட்டையின் சிவப்புக் கோடு. சரி. இடைவார். சரி. இடமார்பில் முதல் வகுப்பு இரும்புச் சிலுவை, அதற்குமேல் வாள்கள் பதித்த ஹோஹென்சோலர்ன் சிலுவையின் நாடா, ஹாம்பர்க், மெக்லன்பர்க். வரிசையில் பிழையே இல்லை. ரீக். ரீக்கேதான்.

வாடை வந்தது.

"மேஜர், ஏதாவது பேசுங்க."

பேச்சில்லை. ஒரு படி. இன்னொரு படி. ஓசையில்லாமல்.

அவளுடைய கண்கள் காலர்வரை ஏறி நின்றன. அதற்கு மேல் ஏறவில்லை. பிள்ளையின் கையை இறுகப் பற்றினாள். அந்தச் சிறு கை, வியர்வையில், வழுக்கிப் போனது.

"அப்பா!"

"கெசீன், போகாதே. கெசீன்!"

பிள்ளை ஓடினாள். மேஜரின் கைகள் தாழ்ந்து அவளை வாங்கி உயரத் தூக்கின. இன்று துணி இல்லை என்பதைக் கண்டு கெசீன் வியப்புடன் சிரித்தாள். இரண்டு கைகளையும் நீட்டி, காலருக்கு மேலே, கன்னங்கள் இருக்கவேண்டிய இடத்தைத் தொடப் போனாள். கைகள் எதிலும் பட்டு நிற்கவில்லை. விரல்கள் உள்ளே சென்றன. பிறகு உள்ளங்கைகள். பிறகு மணிக்கட்டுகள். பிள்ளை சிரிப்பதை நிறுத்தினாள். முழங்கைவரை உள்ளே சென்ற கைகளை, அவள் இழுக்க இழுக்க, யாரோ உள்ளிருந்து பற்றிக்கொண்டிருந்தார்கள்.