பொட்டுக்கு வெளியே

குங்குமப் பொட்டுக்கு வெளியே கறுப்பு தெரிந்தது.

நாச்சியார் ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் மறுபடி தூக்கிப் பிடித்தாள். போன ஆயுத பூஜைக்குத் தையல் மிஷின், அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் வைத்ததுபோல இந்தப் படத்துக்கும் பொட்டு வைத்திருந்தாள். அதுவும் கணவர் ஆவுடைநாயகத்தின் ஈரலில் இருந்த மூன்று கட்டிகளின் மேலேயே, இத்தோடு அடங்கட்டும் என்று வேண்டிக்கொண்டு. அன்றைக்குப் பொட்டுகள் கட்டிகளை முழுசாக மூடியிருந்தன. இப்போது ஒவ்வொன்றையும் சுற்றிக் கறுப்பு வளையம்.

படம் எங்கேயாவது வளருமா? சாரல் காலத்து ஈரம் இறங்கியிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு அவரை மதுரைக்கு அழைத்துப் போனாள்.

டாக்டர் முதல் வேலையாக ஸ்பிரிட் பஞ்சால் பொட்டுகளைத் துடைத்தார். "இதுல போயி குங்குமமாம்மா?" பிறகு பழைய படத்தையும் அன்று எடுத்த புதுப் படத்தையும் விளக்குப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். இந்தக் கார்சினாய்டு கட்டி மெதுவாக வளரும்; வளர்ந்திருந்தால் உடனே ஆபரேஷன், இல்லாவிட்டால் காத்திருக்கலாம் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார்.

"வளர்ச்சியே இல்ல. ரெண்டும் அச்சு அசலா ஒண்ணுபோல இருக்கு. ஆபரேஷன் வேண்டாம்."

"பழசுல இம்புட்டுப் பெருசா இல்ல டாக்டர். பொட்டுக்குள்ள அடங்கித்தான் இருந்துச்சு."

"பழைய படம் எப்படிம்மா மாறும்?"

துடைத்த இடத்தை அவள் விரலால் தடவிப் பார்த்தாள். காட்டுவதற்குப் பொட்டு இல்லை.

குற்றாலத்து வீட்டுக்குச் சீசனுக்கு வந்திருந்த நாத்தனார் பேராச்சிக்கு ஒரே சந்தோஷம். "அண்ணன் நல்லாத் தேறிட்டாவ மதினி. மொகம் செக்கச்செவேல்னு இருக்கு பாருங்க. எல்லாம் அருவித் தண்ணிதான்." இந்தக் கட்டி முகத்தில் ஏற்றும் சிவப்பு அது என்று நாச்சியாருக்குத் தெரியும்.

மறுநாள் சாயங்காலம் பேராச்சியும் அவள் பிள்ளைகளும் ஐந்தருவிக்குக் குளிக்கப் போனார்கள். ஆவுடைநாயகம் உள்ளறையில் தூங்கினார். ஓட்டில் விழும் சாரலும், தூரத்து அருவியின் இரைச்சலும், காயாத துணிகளின் முடை நாற்றமும், எல்லாவற்றுக்கும் அடியில் அவருடைய குறட்டையும் கலந்து வீடு இருண்டுகொண்டு வர, நாச்சியார் குங்குமத்தைக் குழைத்துப் பழைய படத்தில் கட்டிகளைச் சுற்றி வளையம் போட்டாள். நாளைக்கே மதுரைக்குப் போய்க் காட்டவேண்டும். இனியும் காத்திருந்தால் அவர் பிழைக்கமாட்டார்.

சிமிழை மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

கறுப்பு, குங்கும வளையத்தைத் தாண்டியிருந்தது.

கண்ணெதிரே பெரிய கட்டி விரிந்தது. பதறிப்போய்க் கட்டைவிரலால் அதை அழுத்தினாள்.

கறுப்பு நின்றது.

குறட்டையும் நின்றது.

"ஏங்க?"

அருவி மட்டும் இரைந்தது. விரலை எடுத்தாள். உள்ளே அவர் திணறி மூச்சை இழுத்தார். கறுப்பு நகர்ந்தது. மறுபடி அழுத்தினாள். மூச்சு இல்லை. எடுத்தாள். மூச்சு வந்தது. சாம்பல் நிற ஈரலில் பாதி போய்விட்டது.

அழுத்தினாள். பத்துவரை எண்ணக்கூட முடியவில்லை. எடுத்துவிட்டாள். அவர் மூச்சு விடட்டும். விடட்டும், சாமி.

வாசலில் பேராச்சியும் பிள்ளைகளும் ஈரத்துணியோடு பேசிக்கொண்டு வருவது கேட்டது. உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"நாச்சியாரு, நல்லாத் தூங்கிட்டேன். உடம்பு லேசா இருக்கு. கொஞ்சம் காப்பி கொண்டா."

அவள் கையில் படம் விளிம்புவரை கறுப்பாக இருந்தது.