பாட்டிலுக்கு அடியில் ஒரு சிரிப்பு

“அப்பா... காலி பாட்டில் திரும்பி வந்துச்சுன்னா, அது நம்ம பாட்டில்தான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

மூக்கரின் மகள் ஆறு வயதில் கேட்ட கேள்வி.

மகள் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டாள். கேள்வி மட்டும் அப்பாவோடு தங்கிவிட்டது.

டெலிபோன் அலறியது!

“விஸ்கி விமர்சகர்தானே? இன்ஸ்பெக்டர் பேசறேன். உங்க வாசல்லதான் நிக்கிறேன். கதவைத் திறங்க.”

பெண் குரல். கறாரான குரல்.

ஊரே அவரை ‘மூக்கர்’ என்றுதான் அழைக்கும். பத்திரிகையில் மாதம் ஒரு பக்கம். அதில் அவர் எழுதும் ஒரு வரி, ஒரு சிங்கிள் மால்ட் விஸ்கியை அலமாரியின் மேல் தட்டுக்கு ஏற்றும்... அல்லது மூலைக்குத் தள்ளும். அந்த மூக்குக்காகப் பதினெட்டு வருடம் சென்ட் பூசியதில்லை. பச்சை வெங்காயம் தொட்டதில்லை!

இன்ஸ்பெக்டர் உட்காரவில்லை.

“ரிட்டயர் ஆன பல் டாக்டர் ஒருத்தர். ஏலத்துல நாப்பது வருஷத்து மால்ட் ஒண்ணு எடுத்தார். பேத்தி பாஸானதும் ஆசையாத் திறந்து ரெண்டு பெக் போட்டிருக்கார். இப்போ ஆஸ்பத்திரியில இருக்கார். கண்ணு தெரியலை.”

“ஐயோ...!”

“உள்ளே இருந்தது விஷச் சாராயம். அதை அசல்னு சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டது யாரு?”

“நான்தான்.”

“இவ்ளோ பெரிய மூக்குக்குச் சாராய வாடை தெரியலையா? இல்லை... தெரிஞ்சேதான் போட்டீங்களா?”

மூக்கர் தலை குனிந்தார்.

“எனக்கு வாசனையே தெரியாதும்மா. எட்டு மாசம் முன்னாடி ஒரு ஜுரம். அதோட மூக்கு போச்சு.”

“அப்போ எட்டு மாசமா எழுதினது?”

“என் மச்சான் மோந்து சொல்வான். நான் எழுதுவேன். செத்துப்போன என் மனைவியோட தம்பி. பத்து வயசுலேர்ந்து என் வீட்லதான் வளர்ந்தான். இது அவனுக்கும் எனக்கும் ஆண்டவனுக்கும் மட்டும்தான் தெரியும்.”

“ஆண்டவனை நான் கோர்ட்டுக்குக் கூப்பிட முடியாது சார். இதைப் பாருங்க.”

ஒரு போட்டோ. டாக்டர் வீட்டில் கைப்பற்றிய பாட்டிலின் அடிப்பாகம். கண்ணாடியில் வைர ஊசியால் கீறிய இரண்டு புள்ளி, ஒரு வளைவு.

சிரிக்கும் முகம்!

மூக்கர் போட்டோவைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார்.

“இது... என் கீறல். அரிய பாட்டில் காலியானா உடைச்சிடணும்மா. இல்லைன்னா திருட்டுப் பசங்க கண்டதை ரொப்பி, மூடி போட்டு வித்துடுவாங்க. திரும்பி வந்தா எப்படிக் கண்டுபிடிப்பீங்கன்னு என் மகள் கேட்டா. ‘சிரிக்கிற மூஞ்சி போடுங்கப்பா’ன்னு அவளே வழியும் சொன்னா. அன்னைலேர்ந்து அடியில கீறிட்டுத்தான் உடைக்கக் கொடுப்பேன்.”

“யார்கிட்ட?”

 மூக்கரின் கண்ணில் நீர் கோத்தது.

“மச்சான்கிட்ட. சான்றிதழ் எழுதின அன்னைக்கும் அவன்தான் ஊத்தி மோந்து சொன்னான்... நான் பாட்டிலைத் திருப்பிக்கூடப் பார்க்கலை.”

“அவர் ‘உடைச்சிட்டேன்’னு ஒரே போடா போடுவார். கீறல் உங்களுது. கையெழுத்து உங்களுது. ஜெயிலும் உங்களுக்குத்தான்!”

மூக்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“டாக்டர் விஷயம் பேப்பர்ல வந்ததா?”

“இல்லை. நாங்க வாயே திறக்கலை.”

“அப்போ அவன் குற்றமில்லாதவனா இருந்தா, கொடுத்ததை மோந்து பார்ப்பான். ஒரு மணி நேரம் கொடுங்கம்மா. அவன் மோந்து பார்க்கணும்னு நான் வேண்டிக்கிறேன்.”

இன்ஸ்பெக்டர் பக்கத்து அறைக்குள் போனார்.

மாலை நான்கு மணி. மச்சான் விசிலடித்தபடி வந்தான்.

“என்ன அத்தான், மூஞ்சி வாடிக் கெடக்கு?”

“ஒண்ணுமில்லைடா. நாம அசல்னு சொன்னோமே, அந்த நாப்பது வருஷ மால்ட்... வாங்கின டாக்டர் கொஞ்சம் கொடுத்தனுப்பியிருக்கார். ஒரு வாய் பார்த்துச் சொல்லு.”

விசில் நின்றது.

மேஜையில் நீலக் கண்ணாடி டம்ளர். நிறத்தைப் பார்த்து மூக்கு ஏமாறக் கூடாது என்பதற்காகவே வைத்திருப்பது.

மச்சான் குழாய்த் தண்ணீரைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பான்.

எடுத்தான். நேராக உதட்டில் வைத்தான். தொண்டை அசைந்தது...

டம்ளரில் ஒரு சொட்டு குறையவில்லை!

“ஆஹா! தேன்... காய்ஞ்ச திராட்சை... கடைசியில லேசாப் புகை!”

சான்றிதழில் இருந்த அதே வார்த்தைகள்.

மூக்கர் கண்ணை மூடினார்.

“மச்சான்... அது டீ.”

“எ... என்னது?”

“ஆறிப்போன, பால் இல்லாத டீ. மூக்கு போனது எனக்குத்தானே? நீ ஏன்டா மூச்சைப் பிடிச்சுக்கிட்டே?”

அறைக்கதவு படாரென்று திறந்தது!

“உள்ளே என்னன்னு தெரிஞ்சவன்தான் மூச்சைப் பிடிப்பான்,” என்றார் இன்ஸ்பெக்டர்.

மச்சான் காலில் விழுந்தான்.

“அத்தான்! சரக்கு கெட்டதுன்னு வித்த பிறகுதான் தெரியும், அத்தான்! அதே சாராயத்தை வாங்கிக் குடிச்ச வேற ஒருத்தன் செத்துப்போனதும்தான்...”

“தெரிஞ்சதும் டாக்டருக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமேடா! ‘குடிக்காதீங்க’ன்னு ஒரு வார்த்தை!”

“மாட்டிக்குவேனே அத்தான்...”

“நான் மாட்டினாப் பரவாயில்லை. அப்படித்தானே?”

மச்சான் பிடித்திருந்த காலை விட்டான். அதுவே பதில்.

விலங்கு மாட்டும் சத்தம் கேட்டது. மூக்கர் திரும்பிப் பார்க்கவில்லை. வளர்த்த கை அல்லவா... வலித்தது.

அடுத்த மாதம் கடைசியாக ஒரு பக்கம் எழுதினார். ‘எட்டு மாதமாக எனக்கு மூக்கு இல்லை. மோந்ததாக எழுதியதெல்லாம் பொய். அந்தப் பொய்க்குள்தான் விஷம் ஒளிந்துகொண்டது.’

பேனாவை மூடினார். பதினெட்டு வருடங்களுக்குப் பிறகு மதியச் சாப்பாட்டோடு பச்சை வெங்காயம் கடிக்க ஆரம்பித்தார். இனி யாருக்காகக் காப்பாற்ற வேண்டும்?

தினமும் பிற்பகல் மூன்று மணி. ஆஸ்பத்திரி அறை. நர்ஸ் ஓய்வுக்குப் போகும் நேரம். சொந்தக்காரர்கள் வராத நேரம்.

ஒருவர் உள்ளே போவார். டாக்டருக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுப்பார். செய்தித்தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிப்பார். பெயர் சொன்னதில்லை. மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்டால் அந்த மன்னிப்பே ஆரஞ்சுக்குக் கூலி ஆகிவிடும் என்று நினைத்தார்.

நாற்பத்திரண்டாம் நாள். பேப்பரை மடித்துவிட்டு எழுந்தார்.

“ஒரு நிமிஷம்,” என்றார் பல் டாக்டர்.

“சொல்லுங்க சார்.”

“ஆயுசு பூரா அடுத்தவன் வாய்க்குள்ளேயே குடித்தனம் பண்ணினவன் நான். வெங்காயம் தின்னுட்டு இவ்ளோ பக்கத்துல உக்காந்து படிக்கிறவன் ஒண்ணு என் எதிரியா இருக்கணும்... இல்லை, மூக்கு இல்லாதவனா இருக்கணும். எதிரி ஆரஞ்சு உரிச்சுத் தரமாட்டான்.”

மூக்கர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்!

“உங்க கடைசிப் பக்கத்தைப் பேத்தி படிச்சுக் காட்டினா. வீட்ல யார்கிட்டயும் நீங்க வர்றதை நான் சொல்லலை... சொல்லவும் மாட்டேன்.”

டாக்டர் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு சிரித்தார்.

“நாளைக்கும் வாங்க விமர்சகரே... பல்லைத் தேய்ச்சுட்டு!”