நான்காயிரத்து நூற்றுப் பதினேழாம் தூண்

வான்தட அலுவலகத்தில் வரைபட வேலை பார்க்கும் பிலோமினா காலை ஆறு மணிக்குத் தூண்களுக்குப் புது எண் கொடுத்தாள். வான்தடம் தொடங்கும் துறைமுகத்தருகே முப்பத்தெட்டுத் தூண்கள் புதிதாக எழும்பியிருந்தன. அதனால் தடம் நெடுக எல்லா எண்களும் முப்பத்தெட்டு கூடின. வரைபடத்தில் ஒரு நொடியில் மாறிவிட்டன. தூண்களில் புது எண்ணை எழுத வர்ணம் பூசும் இயந்திரங்கள் போய்ச் சேர நண்பகல் ஆகும். சனங்களுக்கு முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஆறு மணி நேரத்தில் என்ன குடி முழுகிவிடும் என்று விட்டுவிட்டாள்.

சரக்கு ரயில்கள் ஓடும் அந்த மேம்பாலத்தின் நிழலில்தான் இப்போது சனங்கள் வாழ்ந்தார்கள். கண்மாய், கரை, கருவேலங்காடு எல்லாவற்றையும் ஒரே மட்டமாக நிரவி, நாற்பது மீட்டருக்கு ஒரு தூண் நட்டு, அடியில் ஒரே அச்சில் வார்த்த வீடுகளை வைத்துவிட்டார்கள். ஊர்ப்பெயர்கள் வழக்கொழிந்தன. கல்யாணப் பத்திரிகையில்கூடத் தூண் எண்தான். கபடிக் கோப்பைக்காக 4117-காரர்களும் 4118-காரர்களும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். மனிதனுக்கு ஒட்டிக்கொள்ள ஏதாவது வேண்டுமே, பாவம்.

ஒன்பதரைக்கு அக்காள் ரீத்தாவின் கணவர் அந்தோணி அழைத்தார்.

“பிலோ, ரீத்தாவுக்கு வீட்டுலயே பிள்ளை பொறந்துருச்சு. ரத்தம் நிக்கல. மருத்துவ ஊர்திய 4117-க்கு வரச் சொன்னேன். அங்க யாருமே கூப்பிடலைனு திரும்பிப் போயிருச்சாம்!”

அவள் வரைபடத்தைத் திறந்தாள். ஊர்தி புது 4117-க்குப் போயிருக்கிறது. ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி.

“அத்தான், 4155-னு சொல்லுங்க. சீக்கிரம்!”

“அது எங்கயோ கிடக்கு. நாங்க 4117-காரங்க, தூணுல பெரிசா எழுதியிருக்கே! பக்கத்துல என்ன அடையாளம்னு ஊர்தி கேக்குது. என்னத்தச் சொல்ல? தூண் இருக்கு, வீடு இருக்கு. எங்கயும் அதான இருக்கு?”

அவளே ஊர்தியைத் திருப்பிவிட்டாள். அதற்குள் பத்தொன்பது நிமிடம் போய்விட்டது. குழந்தை பிழைத்தது. ரீத்தா பிழைக்கவில்லை.

மாலையில் பதிவுக்காக அந்தோணியோடு உட்கார்ந்தாள். இறந்த இடம் என்ற கட்டத்தில் 4155 தானாக விழுந்திருந்தது.

“அத மாத்து. அவ அந்த ஊர்ல ஒரு நாளும் இருந்ததில்ல.”

4117 என்று அடித்துப் பார்த்தாள். அங்கே ரீத்தா என்று யாரும் வசிக்கவில்லை என்றது திரை.

“எந்தப் பாவி மாத்துனானோ, அவன் விளங்குவானா?” என்று அந்தோணி உடைந்து அழுதார்.

அந்தச் சாபம் அவளுக்குரியது. குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு அடுத்த படிவத்தைத் திறந்தாள். பிறந்த இடம் கேட்டது. 4155 என்று நிரப்பினாள். உடனே ஏற்றுக்கொண்டது.