அளவெடுத்த சாவு

"ஐயோ... என்னங்க...!"

தினேஸ்வரியின் அலறல் ஜெனரேட்டர் அறையையே உலுக்கியது.

பீடோர் ஊரில், ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய டேட்டா சென்டர். அதன் இன்ஜினியர் தர்மேந்திரன், அவளுடைய கணவன், தரையில் பிணமாகக் கிடந்தான். ஆறடியைத் தாண்டி வளர்ந்த மனிதன்!

இன்ஸ்பெக்டர் சரளா மூக்கைப் பொத்திக்கொண்டாள். அறை முழுக்க டீசல் புகை நாற்றம்.

"காலையில கதவத் தொறந்தா இப்படிக் கெடந்தாருலா. ஹார்ட் அட்டாக்!" என்றான் முதலாளி விக்னேஸ்வரன்.

"நீங்க எப்ப டாக்டருக்குப் படிச்சீங்க?"

"பொய் மேடம்!" தினேஸ்வரி சீறினாள். "கரண்டு போயி, ஏர்கோன் மெஷின் எல்லாம் ஒண்ணா ஸ்டார்ட் ஆனா, இந்தச் சின்ன ஜெனரேட்டர் தாங்காது, படுத்துரும்னு இவரு சண்டை போட்டாரு. இன்னிக்கு வர்ற கஸ்டமர்கிட்டயே சொல்லிருவேன்னாரு. நேத்து ராத்திரி என்கூட சாப்பிட்டுக்கிட்டு இருந்தவர, இந்த முதலாளிதான் போன் போட்டுக் கூப்பிட்டாரு!"

"கசியான்லா, பாவம் தங்கச்சி... மனசு ஒடஞ்சு பேசுது." விக்னேஸ்வரன் குரலில் தேன் வடிந்தது. "போஸ்ட்மார்ட்டம்லாம் வேணாம் மேடம். அறுத்துப் போட்டா பாவம்லா. சாயங்காலத்துக்குள்ள எரிச்சிருவோம். பெட்டிகூட வந்துருச்சு!"

சரளா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கட்டியவள் கண்ணீர் காயவில்லை, அதற்குள் சுடுகாட்டுக்கு அவசரப்படுகிறான்... சீ, இவனெல்லாம் ஒரு மனுஷன்! எரித்துவிட்டால் புகை கொன்றதா, நெஞ்சுவலி கொன்றதா என்று சாம்பலா வந்து சாட்சி சொல்லும்?

வெளியே வந்தாள். தினேஸ்வரியும் விக்னேஸ்வரனும் பின்னாலேயே வந்தார்கள்.

ஈப்போ சவப்பெட்டிக் கடைக்காரர் பத்துமலை, வேனிலிருந்து பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். வேன் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பெட்டி!

"அண்ணே, இவ்ளோ நீளப் பெட்டி கடையில ரெடியா இருக்குமா?"

"எங்கம்மா! இந்த உயரத்துக்கு அளவு சொன்னாத்தான் அடிக்க முடியும். நேத்து காலையிலயே இந்த பாஸ் போன் பண்ணி அளவு சொல்லிட்டாருலா!"

"நேத்து... காலையிலயா?"

விக்னேஸ்வரன் முகத்தில் ரத்தம் வற்றியது.

"மேடம்... அது வந்து... வேற ஒருத்தருக்கு..."

"கைய நீட்டுடா, நாயே!"

விலங்கைப் பூட்டினாள்.

பிணம் ஆஸ்பத்திரி வண்டியில் ஏறியது. பெட்டி வெயிலில் கிடந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று பத்துமலை, பிணத்தின் உயரத்தைக் கேட்டுக்கொண்டு, டேப்பை வைத்துப் பெட்டியை அளந்து பார்த்தார். சரளா காறித் துப்பினாள்.

"ஜெனரேட்டர் வாங்கத்தான் இவனுக்கு அளவு தெரியல. பெட்டி அளவுல ஒரு இஞ்சுகூடப் பெசகல, பாருங்கண்ணே!"