மூன்றாம் தொட்டியில் சாவு

டெலிபோன் அலறியது!

ஹம்சத்வனி பாய்ந்து எடுத்தாள். ஒஸ்லோவின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் அவள் நுண்ணுயிர் ஆய்வாளர்.

"ஹம்சா... மூண்டாம் தொட்டி செத்துப்போச்சு!" தொட்டிகளைக் கவனிக்கும் நிருஜனின் குரல் நடுங்கியது. "அமோனியா ஏறிக்கொண்டே போகுது. இதைக் கடல்ல விட்டா மீன் மிஞ்சாது!"

ஓடினாள். ஒரு போத்தல் நீரை அள்ளி வந்தாள். சாயம் கலந்து நுண்நோக்கியில் குனிந்தாள்.

உயிருள்ள பாக்டீரியா பச்சையாக ஒளிரும். செத்தது சிவப்பு.

எங்கும் சிவப்பு!

அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளிய வைக்கும் கோடானுகோடி உயிர்கள்... அவற்றின் மேல் கறுப்பு நூல்சிக்குகள். கார்பன் நானோ குழாய்கள்! தலைமுடியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெல்லியவை.

மூன்றாம் தொட்டிக்கு வரும் கழிவுக்குழாய்ப் பாதையில் அவற்றைச் செய்வது ஒரே ஒரு தொழிற்சாலை. அதன் சுற்றாடல் பொறுப்பாளர்... மகேசன். அக்கா அஜந்தாவின் கணவன்!

அவனை அழைத்தாள்.

"அத்தான், எங்கட தொட்டியில பாக்டீரியா எல்லாம் செத்துப்போச்சு. ஒருக்கா வாங்கோ."

'அத்தானுக்கு ஒன்றும் தெரியாமல் இருக்கக் கூடாதா...'

அரை மணியில் வந்து நின்றான். நெற்றியெல்லாம் வியர்வை.

"ஆராவது குளோரின் ஊத்தியிருப்பினம்" என்றான்.

"இருக்கலாம், அத்தான். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறன்."

"ரிப்போர்ட்டில நானோ எண்டு மட்டும் எழுதிப்போடாதை. அக்காவை யோசி... பிள்ளையளை யோசி!"

அவள் மெல்ல நிமிர்ந்தாள்.

"நானோ எண்டு நான் சொல்லவேயில்லையே?"

மகேசனின் முகம் வெளிறியது.

"நானோ குழாயளை வடிக்கிற பில்டர் கிழிஞ்சு மூண்டு கிழமை, ஹம்சா. மாத்திறதெண்டா வேலையை நிப்பாட்டோணும். மேலிடம் விடேல்லை. எல்லாம் சரியெண்டு நான்தான் கையெழுத்து வைச்சனான்..."

"ஐயோ, அத்தான்!"

சட்டென்று போத்தலைப் பறித்தான். சிங்கில் கவிழ்த்தான். குழாயை முழுவதுமாகத் திறந்துவிட்டான்!

"இப்ப சாட்சி எங்க? சொல்லு!"

அவள் கண்கள் நிறைந்தன. அக்காவின் முகம் வந்து போனது. இனி அந்த வீட்டு வாசலை எப்படி மிதிப்பாள்?

ஆனாலும் விரல்கள் போலீஸ் எண்ணை அழுத்திவிட்டன.

"நீங்கள் ஒரு போத்தலைத்தான் ஊத்தினியள், அத்தான். தொட்டியில இருபது லட்சம் லீற்றர் சாட்சி கிடக்கு..." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப ஊத்தினதும் அங்கைதான் போய்ச் சேரும்!"