மச்சானின் இடது ஷூ

மச்சான் நொண்ட ஆரம்பித்திருந்தார். அதுதான் செருப்புக்கடைக்காரனுக்கு முதலில் உறுத்தியது.

மச்சானுக்குப் பிறவியிலேயே இடது கால் கொஞ்சம் கட்டை. ஊருக்கெல்லாம் தைக்கிறவன் பெண்டாட்டியின் அண்ணனுக்குத் தைக்காமல் இருக்க முடியுமா? தோலை அடுக்கடுக்காய் ஒட்டி, மூன்று விரல் உயரத்துக்கு அடிப்பாகம் வைத்து இடது ஷூவைச் செய்துகொடுத்தான். அதைப் போட்டதும் மனிதர் நிலைக்கதவு மாதிரி நிமிர்ந்துவிட்டார். இந்த யாத்திரைப் பாதை நெடுக டொக், சரக், டொக், சரக் என்று கடிகாரம் போலப் பின்னாலேயே வந்தார். வாயும் ஓயவில்லை.

"எங்க அண்ணனைப் பத்திரமா கூட்டிட்டு வாங்க. இல்லேன்னா நீங்களும் வராதீங்க" என்று சொல்லித்தான் பெண்டாட்டி அனுப்பியிருந்தாள்.

காலையில் இரண்டு தடவை "ஐயோ, பாம்பு!" என்று அலறி, இவன் துள்ளியதைப் பார்த்து மச்சான் வயிறு குலுங்கச் சிரித்தார். மதியம் ஓடைப்பக்கம், "நீ போ மாப்ளே, நாடாவைக் கட்டிட்டு வர்றேன்" என்று உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் மூன்றாவது அலறல். இனியும் ஏமாற நான் என்ன கேனையா என்று இவன் திரும்பாமலே நடந்தான். அலறல் வழக்கத்தைவிட நீளம்தான். மச்சானுக்கு நடிப்பு கூடிக்கொண்டே போகிறது என்று நினைத்துக்கொண்டான்.

பிறகு பனி இறங்கியது. அழுகிய தழை வாடையோடு, துவைக்காத போர்வை மாதிரி பாதையை மூடி, முன்னால் போனவர்களின் பேச்சை ஒவ்வொன்றாய் விழுங்கி, கடைசியில் இவன் மூச்சையும் பின்னால் வந்த காலடியையும் மட்டும் மிச்சம் வைத்தது.

டொக்... சரக். டொக்... சரக்.

"என்ன மச்சான், நொண்டுறீங்க?"

"ஷூ சரியில்ல மாப்ளே." மச்சானின் குரல்தான்.

"உங்க காலுக்குன்னே அளவெடுத்துச் செஞ்சதாச்சே!"

"ஒரு பக்கம் தூக்குது."

நடந்துகொண்டே யோசித்தான். கட்டைக்கால்காரர் அந்த ஷூவில் நேராக நடப்பார். அதைப் போட்டு நொண்டுகிறவருக்கு...

இரண்டு காலும் ஒரே அளவு.

நடையை எட்டிப் போட்டான். பின்னாலும் எட்டிப் போட்டது. தூரத்தில் சத்திரத்து விளக்கு மஞ்சளாய்த் தெரிந்தது. கத்த வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. பாதையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அதுவும் எதிரே உட்கார்ந்தது. கடைக்கு வரும் வாடிக்கையாளர் மாதிரி, கேட்காமலே இடது காலைத் தூக்கி அவன் மடியில் வைத்தது. முழங்காலுக்கு மேல் பனி மறைத்திருந்தது. நல்லவேளை. தொழில் பழக்கம், கை தானாக நாடாவை அவிழ்த்தது.

ஷூ கழன்று வந்தது. காலி ஷூவுக்கு இந்தக் கனம் கிடையாது.

உள்ளே மச்சானின் கால் இருந்தது. கணுக்கால் வரைக்கும். இவன் பெண்டாட்டி அண்ணனுக்குப் பின்னிக் கொடுத்த பச்சை சாக்ஸோடு.

"அவசரத்துல உள்ளே பாக்காம மாட்டிக்கிட்டேன்" என்றது மச்சானின் குரல், கொஞ்சம் வெட்கப்பட்டு.

பனிக்குள்ளிருந்து குனிந்தது. அவனுடைய ஷூ இரண்டையும் சேர்த்து வைத்து உயரம் பார்த்தது.

"உன்னோடது ரெண்டும் ஒரே அளவுதானே மாப்ளே? இந்தத் தடவை முதல்லயே காலி பண்ணிடலாம்."

சத்திரத்தில் யாரோ சிரித்தார்கள்.

குளிர்ந்த விரல்கள் வந்தன. நாடாவைத் தொடவில்லை. எங்கே வெட்டுவது என்று தோலை அவன் தடவிப் பார்ப்பானே, அப்படி, அவசரமில்லாமல், கணுக்காலைத்தான் தடவிக்கொண்டிருந்தன.